நாரந்தனையில் எங்கள் கதவு

சண்டை நெருங்கியதால் தீவில் எங்கள் ஊரான சுருவிலை விட்டு நாங்கள் வெளிக்கிட்ட நாள் காலையில், அப்பா முன்வாசல் கதவைச் சாத்தி உட்பக்கமாகக் குறுக்கு மரத்தைப் போட்டார். பிறகு எல்லோரும் குசினிப் பக்கத்தால் வெளியே வந்தோம். எனக்கு அப்போது பதினாறு வயது. ஒரு கையில் உடுப்புப் பை, மற்றக் கையில் அம்மாவின் தையல் பெட்டி. வேலிப் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தபோது என் கண்ணில் நின்றது அந்த இரட்டைக் கதவு மட்டும்தான். சாதாரண நாட்களில் விடிந்ததும் அதன் வலது பக்கத்தைத் திறந்துவிடுவோம். கல்யாண வீடு, செத்த வீடு என்றால் இரண்டு பக்கமும் திறக்கும். பகல் வெளிச்சத்தில் அது முழுதாக மூடிக் கிடந்ததை நான் அதற்கு முன் பார்த்ததாக நினைவில்லை.

அது அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. அம்மாவின் பாட்டனார் பாய்க்கப்பலில் சரக்கு ஏற்றியவர். ரங்கூனிலிருந்து ஊர்காவற்துறைக்கு வந்திறங்கிய தேக்கில் அந்தக் கதவைச் செய்வித்தாராம். செய்தவர் வள்ளமும் கப்பலும் கட்டிய ஓர் ஓடாவி. எங்கள் பக்கத்தில் தச்சரை ஓடாவி என்றுதான் சொல்லுவோம். அவருடைய பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வேலை மட்டும் இருந்தது. கதவின் கீழ்ப்பாகத்தில் பாதிப் பாக்கு அளவில் வரிசை வரிசையாகக் குமிழ்கள். நடுவில் ஒரு பெரிய பூ. மேலே மாங்கொத்தைக் கவ்விய கிளி. இரண்டு பக்கமும் அப்படியே. நிலையின் மேற்சட்டத்தில், இரண்டு யானைகள் நீர் வார்க்க, நடுவில் லட்சுமி இருந்தாள். தைப்பொங்கலுக்கு முதல் நாள் ஈரத் துணியால் அதைத் துடைப்பது என் வேலை. கிளியின் கழுத்துக்குக் கீழே இருந்த செதுக்கலுக்குள் என் சுண்டுவிரல் சரியாகப் போகும். அந்த அளவுக்குத்தான் அப்போது எனக்கு அந்தக் கதவைத் தெரியும்.

பின்னாளில் நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக வேலைக்குச் சேர்ந்தேன். காணிகளின் எல்லையையும் கட்டடங்களின் அளவையும் கீறுவது தொழில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கழித்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில் அந்தக் கதவைக் கீறுவேன். எத்தனை தரம் கீறியிருப்பேன் என்று தெரியாது. ஒவ்வொரு தரமும் இரண்டு கிளிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

கதவைப் பற்றிச் சொன்னால் மீனக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாரந்தனைக் கடற்கரையிலிருந்து கடகத்தில் மீனைச் சுமந்துகொண்டு சுருவில் வரைக்கும் நடந்து வருவார். மீன் கொண்டுவருவதால் நாங்கள் வைத்த பெயர் மீனக்கா. மீனா என்பது அவருடைய சொந்தப் பெயர் என்று நினைத்த அயலவர்களும் உண்டு. கத்தோலிக்கர். கணவர் தொழிலுக்குப் போய்க் கடலோடு போனவர். இரண்டு பெண்பிள்ளைகள். வேலியோரமாகச் சுற்றி வந்து குசினிப் படியில் கடகத்தை இறக்கி, “ஓரா மீன் இருக்கு, வேணுமோ அம்மா?” என்று கேட்பார். அம்மா அவரை நீ என்றுதான் பேசுவார். தண்ணீர் கேட்டால் கிணற்றடியில் தனியே கவிழ்த்து வைத்த தகரப் பேணியில் வார்த்துக் கொடுப்போம். பேணியைக் கழுவி மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அவர் போவார். முன்வாசலால் அவர் வந்ததில்லை. வரலாம் என்று நாங்கள் சொன்னதுமில்லை. அப்போது அதில் ஒரு பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

இடம்பெயர்ந்த நாங்கள் பல ஊர்களில் இருந்தோம். அப்பா அந்த அலைச்சலில் நோயுற்று, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இறந்தார். கடைசியில் நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டில் தங்கினோம். தீவுப் பக்கம் போய்வரலாம் என்று ஆனபோது சுருவிலில் எங்களுக்கு மிஞ்சியிருந்தது சுவர் மட்டும். ஓடு இல்லை, கைமரம் இல்லை. சாமியறைக்குள் ஓர் அரச மரம் என்னைவிட உயரமாக நின்றது. முன்வாசல் இருந்த இடத்தில் நிலையைக் கொத்தி எடுத்த பள்ளம். அந்த வழியால் போன ஒருவர் அம்மாவிடம் சொன்னார்: “மற்றது எல்லாம் ஆர் கொண்டு போனதெண்டு தெரியாது. கதவை மட்டும் அந்த மீன்காரி கழட்டிக்கொண்டு போனதைப் பாத்த ஆக்கள் இருக்கினம்.”

அம்மாவுக்கு ஓடும் மரமும் போனது பொருட்டாகவே இல்லை. அவற்றை எடுத்தவர்களுக்கு முகம் கிடையாது. கதவை எடுத்தவளுக்கு முகம் இருந்தது. “என்ரை கையாலை தண்ணி குடிச்சவள்,” என்பார். உறவுக்காரர் வீட்டில் எது களவு போன கதை வந்தாலும் அது மீனக்காவில் போய் முடியும். போய்க் கேட்போமே என்று ஒரு தரம் சொன்னேன். “களவெடுத்தவளின்ரை வாசலிலை போய் நான் நிக்கிறதோ?” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இப்படியே போனது.

எண்பதாவது வயதில் அம்மா சுருவிலில் ஒரு சின்ன வீடு வேண்டும் என்று நின்றார். இரண்டு அறையும் ஒரு குசினியும் காணும், ஆனால் தன் காணியில் இருக்க வேண்டும். அரச மரத்தைக் கிளை தறித்து, மெசினால் பெயர்த்துக் கோயிலடிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய சுவரில் நல்லதை நிறுத்தி மற்றதை இடித்துக் கட்டினோம். கதவு வேலைக்கு வேலணையில் பட்டறை வைத்திருக்கும் ஓடாவி ஒருவரைப் பிடித்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். மெசின் வேலை, கை வேலை இரண்டும் தெரிந்தவர். என் படத்தை அவர் முன் விரித்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகினார்.

“அக்கா, நீங்கள் கீறியிருக்கிற மாதிரி ரெண்டு கிளியும் மூக்கோடை மூக்கு வைச்சு நிண்டால், நடுவிலை வாற சட்டத்துக்கு இடம் காணாது.”

“எங்கடை வீட்டிலை அப்பிடித்தான் இருந்தது.”

“இல்லையக்கா. இதே கதவை நான் பாத்தனான். நாரந்தனையிலை, கடற்கரைப் பக்கம், ஒரு சின்ன வீட்டிலை. வீட்டைவிடக் கதவு வடிவு. மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப் போட்டு அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டனான். அந்தக் கிளியள் ரெண்டும், ஒண்டு அங்காலை, மற்றது இங்காலை பாத்துக்கொண்டு நிக்கும்.”

படத்தைச் சுருட்டிக்கொண்டு எழும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை, அம்மாவுக்குச் சொல்லாமல், தீவுப் பக்கம் போகும் காலை பஸ்ஸில் ஏறினேன். தாம்போதியின் இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. போய் என்ன சொல்வது என்று வழி முழுவதும் யோசித்தேன். நாரந்தனையில் இறங்கி விசாரித்தபோது ஒரு சின்னப் பிள்ளை கையை நீட்டிக் காட்டியது. வீட்டுத் திட்டத்தில் கட்டிய சின்னக் கல்வீடு, பக்கச் சுவர்களுக்குப் பூச்சுக்கூட இல்லை. முற்றத்தில் வலை காய்ந்தது. அந்த வீட்டின் முன்னே எங்கள் கதவு நின்றது. திட்டக்காரர் தந்த அளவில் வாசல் விட்டால் கதவு போகாது என்று மீனக்கா சண்டை பிடித்து, யன்னல் ஒன்றை விட்டுக்கொடுத்து வாசலை அகலமாக்கிய கதையைப் பிறகு அவருடைய மகள் சொன்னார்.

ஓடாவி சொன்னது சரி. இடது கிளி இடப்பக்கம் பார்த்தது, வலது கிளி வலப்பக்கம் பார்த்தது. எங்கள் வீட்டில் வலது கதவு பகலெல்லாம் உள்ளே மடிந்தே இருந்ததால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்த நாட்கள் குறைவு. மீதியை மனம் தன் ஆசைக்குக் கீறியிருக்கிறது. முப்பது வருடமாகப் பிழையான படத்தை மடியில் வைத்திருந்திருக்கிறேன்.

படியில் இருந்த மீனக்காவின் கண்களில் வெள்ளை படர்ந்திருந்தது. காலடிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினார். “ஆரது? சுருவில் பிள்ளையோ? உன்ரை அப்பரின்ரை நடை.” நான் ஓம் என்றதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். சுகம் விசாரிக்கவில்லை, நான் ஏன் வந்தேன் என்றும் கேட்கவில்லை.

“களவுதான் பிள்ளை. இல்லையெண்டு சொல்லி என்ன,” என்றார்.

மீனக்காவும் பிள்ளைகளும் தேவாலயத்தில் அடைக்கலம் இருந்துவிட்டு மற்றவர்களுக்கு முதல் ஊருக்குத் திரும்பியவர்கள். மண் சுவரும் கிடுகுக் கூரையுமான வீடு. கதவு இருந்த இடத்தில் ஒரு சாக்கு. மூத்தவளுக்குப் பதினைந்து வயது, இளையவளுக்குப் பன்னிரண்டு. கூரைக்கு ஏதாவது மரம் கிடைக்குமா என்று தம்பியோடு சுருவிலுக்கு வந்தாராம். எங்கள் வீட்டில் அதற்குள் ஓடெல்லாம் போய்விட்டது. யன்னல் நிலைகளை யாரோ விறகுக்குக் கொத்திக்கொண்டு நின்றார்கள். முன் கதவு மட்டும், அப்பா போட்ட குறுக்கு மரத்தோடு, மூடியபடி நின்றது. குசினிப் பக்கத்தால் உள்ளே போய் மரத்தை எடுத்து, கதவு இரண்டையும் கழற்றி, பட்டப்பகலில் தள்ளுவண்டிலில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

“லட்சுமியையும் எடுக்கத்தான் பாத்தனாங்கள். நிலை சுவரோடை இறுகிப்போய் நிண்டது. எங்களாலை ஏலாமல் போச்சு. பேந்து ஒருக்கால் போகேக்கை ஆரோ கொத்தி எடுத்திட்டினம்.” அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

பிறகு முற்றத்து வலைப் பக்கம் முகத்தைத் திருப்பி, குரலை உயர்த்தாமல், மீதியைச் சொன்னார்.

“இந்தக் கதவைப் போட்டாப் பிறகு ஒரு மத்தியானம் நாலைஞ்சு பேர் வந்தவை. ஆரெண்டு கேளாதை. கூப்பிட்டினம், தட்டிச்சினம், பேந்து உதைஞ்சினம். நாங்கள் மூண்டு பேரும் கதவுக்கு முதுகைக் குடுத்துக்கொண்டு இருந்தனாங்கள். இளையவளின்ரை வாயை நான் பொத்திக்கொண்டு இருந்தனான். கதவு அசையேல்லை. அலுத்துத் திரும்பிப் போயிட்டினம். நீங்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்திட்டியள் எண்டு கேள்விப்பட்டனான், பிள்ளை. கொண்டு வந்து தந்திருக்கலாம். மனம் வரேல்லை.”

கதவைப் பார்த்தேன். அவரும் இந்த முறை சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து பக்கத்தில் வந்தார். கண் சரியாகத் தெரியாதவர் கையால் எனக்கு அந்தக் கதவைக் காட்டத் தொடங்கினார். கீழ் விளிம்பில் கறையான் தின்ற ஒரு முழத்தை, வள்ளம் திருத்தும் ஓர் ஓடாவி வெட்டி எடுத்துப் புதுமரம் பொருத்தியிருக்கிறார். பொருத்து எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உட்பக்கத்துப் பலகைகள் வள்ளத்துப் பலகை மாதிரி ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி நிற்பதைத் தடவிக் காட்டினார். “அதுதான் மாரியிலையும் ஊதிப்போகாமல் நிக்குது. கடல் வேலை செய்த கை.” பங்குச் சுவாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது கதவில் ஒரு சிலுவை அடிக்கச் சொன்னாராம். இந்த மரத்தில் ஆணி இறக்க மனம் வராமல் சிலுவையைச் சுவரில் அடித்திருந்தார்.

“வலப் பக்கத்துப் பூவை எண்ணிப் பார்,” என்றார் பிறகு.

எண்ணினேன். ஏழு இதழ். இடப் பக்கத்தில் எட்டு. எங்கள் வீட்டில் நாலு தலைமுறை அந்தக் கதவால் போய் வந்தது, ஒருவரும் எண்ணியதில்லை.

“செய்தவன் பிழை விட்டிட்டான், பாவம்,” என்று மீனக்கா சிரித்தார்.

“பிழை இல்லை அக்கா,” என்றேன். வட்டத்தை எட்டாகப் பிரிப்பது கவராயம் பிடிக்கத் தெரிந்த யாருக்கும் வரும். ஏழு சம பங்காகப் பிரிக்க அப்படி ஒரு நேர்வழி கிடையாது. வைத்துப் பார்த்து, அழித்து, திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துத்தான் செய்யலாம். நான் கைவிரலால் அளந்தேன். ஏழும் ஒரே அளவு. அந்த மனிதர் வேண்டுமென்றே கடினமான வழியைப் பிடித்திருக்கிறார். ஏன் என்று கேட்க ஆள் இல்லை. மீனக்கா இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு யோசித்தார். “அப்ப நான் இவ்வளவு நாளும் அவனுக்குப் பாவம் பாத்தனான்,” என்றார்.

அன்று பின்னேரம் அம்மா சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்த பிறகும் அவருடைய கை ஓயவில்லை. கடைசிக் காம்பையும் உருவி வைத்துவிட்டு, “அப்ப அந்தப் பிள்ளையளுக்கு என்ன வயசு?” என்று கேட்டார்.

“பதினைஞ்சும் பன்னிரண்டும்.”

“உனக்குப் பதினாறு,” என்றார் அம்மா. சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த நாள் காலை, கோப்பிக் குவளையை வைக்கும்போது, “சனிக்கிழமைக்கு ஒரு ஓட்டோ பிடி,” என்றார். எதற்கு என்று கேட்கப் பயமாக இருந்தது.

நாங்கள் போய் இறங்கியபோது நாரந்தனை வீட்டின் கதவு இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தது. நான் தகவல் அனுப்பியிருந்தேன். மீனக்கா வெள்ளைச் சேலை கட்டி வாசலில் நின்றார். பின்னால் இளைய மகளும் மருமகனும். மருமகன் கழற்றுவதற்கு ஆயுதங்களை எடுத்து ஒரு சாக்கில் வைத்திருந்ததை நான் கண்டேன். அம்மா முகமன் எதுவும் சொல்லாமல் நேரே கதவடிக்குப் போய், கிளியின் கழுத்தடியில் விரலை வைத்தார். குனிந்து குமிழ்களைத் தடவினார். எங்கள் வீட்டில் இருந்தபோது இல்லாத ஒரு மினுக்கம் மரத்தில் இருந்தது.

“கழட்டித் தரட்டோ அம்மா?” என்றார் மீனக்கா. “மருமகன் நிக்கிறார். இண்டைக்கே லான்ட்மாஸ்டர் உழவு மெசினிலை ஏத்திவிடலாம்.”

“கழட்டினால் நீர் எதைச் சாத்திக்கொண்டு படுக்கிறது?”

அம்மா அவரை நீர் என்று சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். மீனக்காவும் அதைக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“களவெடுத்த சாமான் அம்மா. பாவசங்கீர்த்தனத்திலையும் சொல்லிப்போட்டன். உடையவைக்குக் குடுக்கச் சொல்லிச் சுவாமியார் சொன்னவர். சாகிறதுக்கு முன்னம் குடுத்திட வேணும்.”

“களவெண்டு ஆர் சொன்னது?” என்றார் அம்மா.

நான் தலையைக் குனிந்து படியைப் பார்த்தேன்.

“இனிச் சுவாமியார் கேட்டால், குடுத்தாச்சு, அவை திருப்பித் தந்திட்டினம் எண்டு சொல்லும்,” என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் படியில் வைத்து, மீனக்காவின் தோளைப் பிடித்தபடி உள்ளே போனார். யார் யாரைத் தாங்கினார் என்று சொல்ல முடியாது. மகள் கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. அம்மா சீனி காணாது என்று இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார். மருமகன் சாக்கை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்பக்கம் போனார்.

புதுக் கதவுக்கு வேலணை ஓடாவி நாரந்தனைக்குப் போய், கதவின் மேல் தாளை விரித்துக் கரியால் தேய்த்து அச்சு எடுத்துவந்தார். ஏழிதழ்ப் பூவைச் செய்ய ஒரு கிழமைக்கு மேல் எடுத்தார். மூன்று பலகை வீணாகியது. எட்டாகவே செய்யுங்கள், பரவாயில்லை என்றேன். “எட்டு ஆருக்கும் வருமக்கா. அந்த ஆள் எப்பிடிச் செய்ததெண்டு கண்டுபிடிக்காமல் எனக்கு நித்திரை வராது,” என்றார். பட்டறையில் வேலை பழகும் இரண்டு பெண்பிள்ளைகள் கவராயத்தோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளிகளை எப்படி வைப்பது என்று கேட்டபோது அம்மாதான் பதில் சொன்னார்: “இவள் கீறின மாதிரியே இருக்கட்டும்.” நடுச் சட்டத்தை ஒடுக்கி, மூக்குகளைக் கொஞ்சம் கீழே சாய்த்து, அவர் அதற்கும் வழி கண்டார்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு மீனக்கா மகளோடு வந்தார். முன்வாசலில் நின்று கையால் ஏழு இதழையும் எண்ணிச் சரி பார்த்தார். பிறகு மடியிலிருந்து கடதாசியில் சுற்றிய சோடாப் போத்தில் ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். மூடியைத் திறந்ததும், பூசைக்கு வந்திருந்த ஐயர் திரும்பிப் பார்த்தார். சுறா எண்ணெய். வள்ளத்துக்குப் பூசுவது. இவ்வளவு வருடமும் உப்புக் காற்றில் அந்தக் கதவு வெடிக்காமல் நின்றதற்குக் காரணம் அதுதானாம்.

“ஐயர் போகட்டும்,” என்றார் அம்மா மெல்ல. போத்திலை வேலியடியில் கொண்டுபோய் வைத்தேன்.

ஐயர் படலையைத் தாண்டியதும் அம்மா அப்பாவின் பழைய வேட்டியொன்றை இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதி மீனக்காவுக்கு, ஒரு பாதி தனக்கு. இருவரும் கதிரை போட்டு ஆளுக்கொரு பக்கக் கதவின் முன் இருந்து பூசத் தொடங்கினார்கள். “அமத்தித் தேயுங்கோ அம்மா, மரம் குடிக்க வேணும்,” என்று மீனக்கா சொல்லச் சொல்ல அம்மா தேய்த்தார். வீடெல்லாம் மணம். அது போக ஆறு மாதம் செல்லும் என்று மீனக்கா சொன்னார். இன்னும் போகவில்லை. வருகிறவர்கள் வாசலில் நின்று மூக்கைச் சுழிக்கிறார்கள். அம்மா அவர்களை உள்ளே வந்து இருக்கச் சொல்கிறார்.